சர்வர் இல்லையென்றால் பராமரிப்பும் இல்லையா? கடற்கரை எடைக்கணக்குக்கு ஒரு ஏபிஐ

மார்ச் 2, 2025 – வாசகர் கேள்வி

தேவிபட்டினம் பக்கத்தில் எங்கள் நாட்டுப்படகுச் சங்கத்துக்கு அன்றாட விலைப்பட்டியலையும் எடைக்கணக்கையும் கைப்பேசியில் காட்ட ஒரு வலை ஏபிஐ (கைப்பேசிச் செயலி இணையம் வழியே தரவு கேட்கவும் கொடுக்கவும் உதவும் வாசல்) தேவைப்படுகிறது. மாதம் 600 ரூபாய் வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுக்கலாம் என்றிருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மைத்துனர், "அதெல்லாம் எதற்கு? சர்வர்லெஸ் ஃபங்ஷனாக எழுதிவிடுங்கள். பராமரிப்பு என்ற பேச்சே கிடையாது, ஆள் வராத நாளில் ஒரு பைசாவும் ஆகாது" என்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு வரவு குறைவு என்பதால் இந்தப் பேச்சு இனிக்கிறது. இதை நம்பி இறங்கலாமா?

மார்ச் 4, 2025

சர்வர்லெஸ் ஃபங்ஷன் என்பது, கோரிக்கை வரும்போது மட்டும் வேறொரு நிறுவனத்தின் கணினியில் ஓடும் சிறு நிரல். உங்கள் மைத்துனர் சொன்னதில் காசைப் பற்றிய பாதி ஏறக்குறையச் சரி. பராமரிப்பைப் பற்றிய பாதி சரியில்லை. பாம்பனுக்கும் கீழக்கரைக்கும் இடையே ஒன்பது கரைகளில் நண்டும் கணவாயும் எடை போடும் ஒரு சிறு குழுவுக்கு, இப்படிப்பட்ட ஏபிஐ ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கரையில் நிற்கும் கணக்குப்பிள்ளை படகு எண், சரக்கின் வகை, எடை, கிலோ விலை ஆகிய நான்கையும் கைப்பேசியில் பதிவார். படகுக்காரரும் வாங்குபவரும் அதையே தங்கள் கைப்பேசியில் பார்ப்பார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு நானூறு எடைப்பதிவுகளும், விலை பார்க்க ஆறாயிரத்துச் சொச்சம் கோரிக்கைகளும் வருகின்றன. மாதத்துக்கு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அமேசானின் சர்வர்லெஸ் சேவையான லாம்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகளும் 4 லட்சம் ஜிபி-வினாடிகளும் (ஒரு ஜிபி நினைவகத்தில் ஒரு வினாடி ஓடுவது ஒரு ஜிபி-வினாடி) இலவசம். என் ஃபங்ஷனுக்கு 256 எம்பி நினைவகம் கொடுத்திருக்கிறேன்; சராசரியாக 120 மில்லிவினாடியில் வேலையை முடித்துவிடுகிறது. ஓர் அழைப்புக்கு 0.03 ஜிபி-வினாடி, மாதத்துக்கு 6,000. இலவச அளவில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். கோரிக்கைகளை வாங்கி ஃபங்ஷனுக்கு அனுப்பும் வாசலாக முன்னால் நிற்கும் ஏபிஐ கேட்வேக்குத் தனிக் கட்டணம் உண்டு: எளிய எச்டிடிபி வகையில் பத்து லட்சம் கோரிக்கைக்கு ஒரு டாலர் அளவிலும், பழைய ரெஸ்ட் வகையில் மூன்றரை டாலர் அளவிலும் வரும். எனக்கு எச்டிடிபி வகையே போதுமாக இருக்கிறது. எப்படிக் கூட்டினாலும் உங்கள் 600 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் சர்வரைப் பராமரிக்கும் வேலை போய்விட்டதே தவிர, பராமரிப்பு போய்விடவில்லை. அது வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கே என்பதைச் சொந்தச் சறுக்கல்களோடு வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளவும்.

மார்ச் 4, இரவு

கேள்வியில் உள்ள தடைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். உங்களுடையது நாட்டுப்படகுச் சங்கம் என்பதால் கோரிக்கைகள் நிற்கப் போவதில்லை. விசைப்படகுகள் நிற்கும்போது நாட்டுப்படகுச் சரக்குக்கு விலை ஏறுவதும், விலையைப் பார்க்கிறவர்கள் கூடுவதும் உண்டு.

மார்ச் 9, 2025

"கேட்வே எதற்கு, ஃபங்ஷனையே நேராக இணையத்தில் திறந்துவிட முடியாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். 2022 முதல் லாம்டா ஃபங்ஷனுக்கே நேரடி முகவரி வாங்கிக்கொள்ளலாம். நானும் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். பிறகு மாறியதற்குக் காரணம் எளியது. மீன்வளத் துறையின் டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. அந்தச் சோதனையை நடுக்கடலில் வைத்துக்கொள்வதில்லை, கரையிலேயே முடித்துவிடுகிறார்கள். கேட்வே செய்வதும் அந்தக் கரை வேலைதான். கோரிக்கையோடு வரும் அனுமதி டோக்கன் செல்லுமா, எந்த முகவரிப் பாதைக்கு எந்த ஃபங்ஷன், வினாடிக்கு வரும் கோரிக்கைகள் நாம் வைத்த வரம்பைத் தாண்டுகின்றனவா என்பதையெல்லாம் அது வாசலிலேயே பார்த்துவிடும். தகுதியற்ற கோரிக்கைக்காக ஃபங்ஷன் ஓடாது. ஓடாததற்குக் காசும் இல்லை.

ஃபங்ஷன்களை எத்தனையாகப் பிரிப்பது என்பதில் நான் இரு முனைக்கும் போய் வந்தவன். தொடக்கத்தில் பாதைக்கு ஒன்றாகப் பதினொரு ஃபங்ஷன்கள் எழுதினேன். விலையைத் தசமத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு சிறு மாற்றம் வந்தபோது ஏழு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. எரிச்சலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினேன். அப்போது வெறும் விலையைக் காட்டும் நிரலுக்கும் தரவுத்தளத்தில் அழிக்கும் உரிமை வந்து சேர்ந்தது. இப்போது இரண்டுதான் இருக்கின்றன: எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. படிப்பதற்குப் படிக்கும் உரிமை மட்டுமே கொடுத்திருக்கிறேன். பிரிப்பதற்குப் பாதைகளின் எண்ணிக்கையைவிட உரிமைகளே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம்.

மார்ச் 17, 2025

இந்த இழையில் நான் எழுத விரும்பிய முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

முதல் ஆண்டில் கீழக்கரையில் நண்டு வாங்கும் பெரியவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் காக்கா (அண்ணன்) என்று அழைப்பவர், காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, அந்த வள்ளத்துல இருந்து எனக்கு வந்தது 38 கிலோ நண்டு. உங்க கணக்குல 114 கிலோன்னு நிக்குது. மிச்ச நண்டு எங்க தம்பி, கடலுக்கே திரும்பிப் போயிருச்சா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். அந்தக் கரையில் மணல்மேட்டின் மேல் ஏறி நின்றால் சிக்னல் இரண்டு கோடு காட்டும். தராசு இருக்கும் பந்தலுக்குள் வந்தால் ஒரு கோடும் நிலைக்காது. கணக்குப்பிள்ளை 38 கிலோவை அனுப்பினார். கோரிக்கை ஃபங்ஷனை அடைந்தது, ஃபங்ஷன் பதிவை எழுதியது, பதிலும் அனுப்பியது. அந்தப் பதில் மட்டும் கரைக்கு வந்து சேரவில்லை. கைப்பேசிச் செயலி, போகவில்லை போலும் என்று எண்ணித் தானாகவே மறுபடி அனுப்பியது. பிறகு இன்னொரு முறையும் அனுப்பியது. ஒவ்வொரு முறையும் ஃபங்ஷன் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. 38 மூன்று முறை சேர்ந்து 114 ஆனது.

வாடகை சர்வரிலும் இது நடக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நான் சோம்பேறித்தனமாக, கடைசியாக வந்த பதிவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒப்பேற்றி வந்தேன். ஃபங்ஷனுக்கு அப்படி நம்பத்தக்க நினைவு கிடையாது. அடுத்த கோரிக்கை அதே நிகழ்வுக்கு (ஃபங்ஷனின் ஓடிக்கொண்டிருக்கும் அதே பிரதிக்கு) போகும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஒன்றில் வைத்ததை இன்னொன்று அறியாது. நினைவில் இருக்க வேண்டியது எதுவானாலும் தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும்.

தீர்வு கைப்பேசியில் தொடங்குகிறது. தராசில் எடை நின்று, கணக்குப்பிள்ளை "பதிவு செய்" என்பதைத் தொட்ட அந்த நொடியில் செயலி ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்குகிறது. எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் போகும். டைனமோடிபி என்ற அமேசான் தரவுத்தளத்தில் எழுதும்போது, இந்த அடையாளம் ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் எழுது என்று நிபந்தனை சேர்க்கிறோம். இந்தச் சோதனையையும் எழுதுவதையும் தரவுத்தளமே ஒரே செயலாகச் செய்து தருகிறது. முதலில் படித்துப் பார்த்து, இல்லையென்றால் பிறகு எழுதுவது என்று இரண்டு படிகளாகச் செய்தால், இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் இல்லையென்று பார்த்துவிட்டு இரண்டுமே எழுதிவிடும். அடையாள எண்ணைச் சர்வர் பக்கத்தில் உருவாக்கினாலும் பயனில்லை. மறு அனுப்பலுக்குப் புது எண் கிடைத்துவிடும்.

மார்ச் 18, 2025

நேற்றைய குறிப்பு நான் ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போய்விட்டதுபோலத் தோற்றம் தருகிறது. அப்படியில்லை. நிபந்தனை தவறும்போது முதலில் 409 என்ற பிழையைத் திருப்பி அனுப்பினேன். நூல்படி அது முரண்பாடு, ஆகவே சரி என்று நினைத்தேன். செயலி அதைப் பார்த்துவிட்டுச் சிவப்பு எழுத்தில் "தோல்வி" என்று காட்டியது. கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? நண்டைத் திரும்பத் தராசில் வைத்து, புதிய பதிவாகப் போட்டார். புதிய அடையாள எண்ணோடு. இரட்டிப்பைத் தடுக்க எழுதிய நிரலே இரட்டிப்பை உண்டாக்கியது. இப்போது அதே பதிவு மறுபடி வந்தால் முதல் முறை என்ன பதில் கொடுத்தேனோ அதையே 200 என்ற வெற்றிக் குறியோடு கொடுக்கிறேன். அதே அடையாளத்தில் வேறு எடை வந்தால் மட்டுமே பிழை.

மார்ச் 23, 2025

போஸ்ட்மேனில் (ஏபிஐ சோதிக்கும் கருவி) ஓடுகிறது, உலாவியில் ஓடவில்லை என்கிற கேள்வி எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது. உலாவி வேறு தளத்து ஏபிஐக்குத் தரவு அனுப்புமுன் ஆப்ஷன்ஸ் என்ற முன்கோரிக்கையை அனுப்பி அனுமதி கேட்கும். அதில் உங்கள் அனுமதி டோக்கன் இருக்காது. கேட்வேயில் எல்லாப் பாதைக்கும் பொதுவாக டோக்கன் சோதனையை மாட்டியிருந்தால் முன்கோரிக்கையே 401 (அனுமதி இல்லை) வாங்கிக்கொண்டு திரும்பும். ஆப்ஷன்ஸுக்குச் சோதனையில்லாத தனிப் பாதை கொடுத்துவிடுங்கள். போஸ்ட்மேன் முன்கோரிக்கை அனுப்புவதில்லை என்பதால் அங்கே எல்லாம் நலமாகவே தெரியும்.

மார்ச் 29, 2025

கோல்ட் ஸ்டார்ட் பற்றிப் பயமுறுத்தும் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சிலர் தயங்குகிறார்கள். சற்று நேரம் யாரும் அழைக்காமல் இருந்துவிட்டு அழைத்தால், ஃபங்ஷனுக்கு இடம் ஒதுக்கி, நிரலை இறக்கி, மொழிச்சூழலை எழுப்பிய பிறகே வேலை தொடங்கும். விடிகாலைக் குளிரில் வள்ளத்து டீசல் இன்ஜின் முதல் இழுப்பில் பிடிக்காததுபோலத்தான். பிடித்த பிறகு தொல்லையில்லை.

என்னுடையது தொடக்கத்தில் மூன்று வினாடிக்கு மேல் எடுத்தது. குற்றம் லாம்டாவில் இல்லை. மாதக் கணக்கைப் பிடிஎஃப் ஆக்கும் பெரிய நூலகம் ஒன்றை எடை பதியும் ஃபங்ஷனுக்குள்ளும் சேர்த்துக் கட்டியிருந்தேன். அதை நீக்கியதும் அரை வினாடிக்குக் கீழே வந்தது. இன்னொரு விஷயம்: லாம்டாவில் நினைவகத்தைக் கூட்டினால் சிபியு (கணிக்கும் சில்லு) திறனும் அதே விகிதத்தில் கூடும், 1,769 எம்பியில் ஒரு முழு சிபியுவின் திறன் கிடைக்கிறது. ஆகவே 128 எம்பியில் வைத்துச் சிக்கனம் பிடிப்பது பல நேரங்களில் சிக்கனமே இல்லை. 256க்கு மாற்றியபோது ஓடும் நேரம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது, கட்டணம் ஏறவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டி எழுப்பி வைக்கும் தந்திரத்தை நானும் செய்து பார்த்தேன். அது ஒரே ஒரு நிகழ்வைத்தான் விழிக்க வைக்கும். ஒரே நேரத்தில் நான்கு பேர் வந்தால் மூன்று பேருக்குக் குளிர்தான். அதைவிட, கரையில் இருப்பவர் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி சிக்னலுக்காகக் காத்திருப்பதே என்று அளந்து பார்த்தபோது தெரிந்தது. தந்திரத்தை எடுத்துவிட்டேன்; ஒருவரும் வித்தியாசம் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, 2025

ஒரே நேரத்தில் எத்தனை நிகழ்வுகள் ஓடலாம் என்ற வரம்பைப் பற்றி ஒருவர் கேட்டார். நேற்று முன்தினம் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் சொல்கிறேன். நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே போயிருக்கும்போது கப்பல் போகும், ரயில் நிற்கும். இறங்கியிருக்கும்போது ரயில் போகும், கப்பல் நிற்கும். இரண்டும் ஒருசேரப் போவதற்கில்லை. ஒரு ஃபங்ஷனுக்கு ஒதுக்கிய உடனிகழ்வு வரம்பை 1 என்று வைத்தால் நிலைமை அதுவே. அமேசான் கணக்கு ஒன்றுக்கு ஒரு வட்டாரத்தில் (அமேசானின் தரவு மையத் தொகுதி) வழக்கமான வரம்பு 1,000 என்றாலும், பின்னால் நிற்கும் பழைய தரவுத்தளம் இருபது இணைப்புக்கு மேல் தாங்காது என்றால் இந்த வரம்பைத் தாழ்த்தி வைத்தாக வேண்டும். ஃபங்ஷன் ஆயிரமாகப் பெருகும், தரவுத்தளம் பெருகாது.

ஏப்ரல் 24, 2025

தடைக்காலம் தொடங்கி ஒன்பது நாளாகிறது. இந்தக் கேள்வியின் மையமே தடைக்காலக் கட்டணம் என்பதால், இரண்டாண்டுக்கு முன் என் முதல் தடைக்காலத்தில் வந்த பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூஜ்யத்தை எதிர்பார்த்துத் திறந்தேன். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது.

ஃபங்ஷனுக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு சோதனைக்காக அதைத் தனிப் பிணையத்துக்குள் வைத்திருந்தேன். அங்கிருந்து வெளி இணையத்துக்குப் போக நாட் கேட்வே ஒன்று தேவைப்பட்டது. சோதனை முடிந்ததும் அதை மறந்துவிட்டேன். கோரிக்கை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு மணிக்கணக்கில் வாடகை. மணிக்கு ஐந்து சென்ட் என்றால் அற்பமாகத் தோன்றும். மாதத்துக்கு 730 மணி நேரம் என்று பெருக்கினால் 36 டாலருக்கு மேல் போகிறது. நீங்கள் வேண்டாமென்று யோசிக்கும் 600 ரூபாய் சர்வரை அந்தக் காசில் ஐந்து மாதம் ஓட்டியிருக்கலாம். டைனமோடிபியை அடைய இந்தப் பிணைய ஏற்பாடே தேவையில்லை என்பது பிறகுதான் புத்திக்கு வந்தது.

மீதியில் பெரும்பங்கு லாக், அதாவது ஃபங்ஷன் எழுதிவைக்கும் பதிவேடு. ஒவ்வொரு கோரிக்கையையும் தலை முதல் வால் வரை அச்சிட்டுக்கொண்டிருந்தேன்; அந்த லாக் நீங்களாகக் காலம் குறிக்காவிட்டால் ஒருபோதும் அழியாது. காசைவிட எனக்கு உறுத்தியது, படகுக்காரர்களின் தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் கிடந்தது. இப்போது 14 நாள் கெடு வைத்திருக்கிறேன். அடையாள எண், பாதை, எடுத்த நேரம், முடிவு ஆகியவை தவிர எதையும் எழுதுவதில்லை. நூறு ரூபாயைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி செலவு எச்சரிக்கையும் வைத்தேன். அது செலவை நிறுத்தாது, சொல்ல மட்டுமே செய்யும். அதுவும் சில மணி நேரம் கழித்து.

ஜூன் 18, 2025

தடை முடிந்து விசைப்படகுகள் போய்த் திரும்பியிருக்கின்றன. இந்த ஆண்டு முதல்முறையாக மண்டபத்து விசைப்படகுச் சரக்கையும் எங்கள் கணக்கில் சேர்த்தோம். இரண்டு ஆண்டுகளாக மறைந்து கிடந்த என் தவறு ஒன்று நேற்றுக் காலை வெளியே வந்தது.

விடியுமுன் நாலேகாலுக்கு எடை போட்ட இறாலும் கணவாயும் முந்தைய நாள் கணக்கில் போய் விழுந்தன. ஐந்தரைக்குப் பிறகு எடை போட்டவை சரியான நாளில் இருந்தன. ஒரே படகின் சரக்கில் நான்கு பெட்டி நேற்று, இரண்டு பெட்டி இன்று. படகு உரிமையாளர், "நாங்க கடல்ல கிடந்தப்பவே கரையில எடை போட்டிருக்கீங்களேண்ணே" என்றார்.

ஐந்தரை என்ற எண்ணைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. லாம்டாவின் கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கிறது. ஆகவே இங்கே அதிகாலை ஐந்தரை ஆகும் வரை அதற்கு நேற்றுதான். நாட்டுப்படகு நண்டு எல்லாம் ஏழு மணிக்கு மேல் கரைக்கு வந்ததால் இந்தத் தவறு இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. என் வீட்டு மடிக்கணினியில் சோதித்தபோதும் படவில்லை. அதன் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறதல்லவா?

கணநேரத்தை யுடிசியிலேயே சேமிக்கிறேன், அதை மாற்றவில்லை. "எந்த நாள் கணக்கு" என்ற புலத்தை மட்டும் ஆசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுக் கணக்கிடுகிறேன். இரவுக் கணக்கை முடிக்கும் காலமுறைப் பணியிலும் இதே பொறி இருந்தது. குறித்த நேரத்தில் ஃபங்ஷனை எழுப்பும் அமேசானின் ஈவண்ட்பிரிட்ஜ் சேவையில், பழைய விதிகளில் குறிக்கும் நேரம் யுடிசிதான். 2022 இறுதியில் வந்த ஷெட்யூலரில் நேர மண்டலத்தைக் குறிப்பிடலாம்.

ஜூன் 19, 2025

இப்போது பழைய பதிவுகளையும் திருத்தி ஓட்டிவிட்டேன். இரண்டு ஆண்டில் ஐந்தரைக்கு முன் வந்தவை மொத்தம் பதினேழு; அவற்றில் ஐந்து நானே நள்ளிரவில் போட்ட சோதனைப் பதிவுகள். காக்காவின் கணக்கில் "சோதனை நண்டு, 1 கிலோ" என்று ஒன்று இன்னும் இருந்தது. அவர் அதற்கும் பணம் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 12, 2025

"லாம்டா 15 நிமிடம் ஓடலாம் என்கிறார்கள், என்னுடையது 30 வினாடியில் அறுந்துபோகிறதே" என்று தொண்டியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மை. ஃபங்ஷனுக்கு 15 நிமிடம். ஆனால் முன்னால் நிற்கும் எச்டிடிபி கேட்வே 30 வினாடிக்கு மேல் காத்திருக்காது. அது கோபித்துக்கொண்டு போன பிறகும் உள்ளே ஃபங்ஷன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், காசும் ஆகிக்கொண்டிருக்கும்.

மாதக் கணக்குப் பிடிஎஃப்பில் எனக்கு இதே நிலை வந்தது. இப்போது ஏபிஐ கோரிக்கையை ஏற்றுக்கொண்டு, 202 என்று பதில் சொல்லி, வேலையை எஸ்க்யூஎஸ் என்ற அமேசானின் செய்தி வரிசையில் போட்டுவிடுகிறது. இன்னொரு ஃபங்ஷன் அதை எடுத்துப் பிடிஎஃப் ஆக்கி எஸ்3 என்ற அமேசானின் கோப்புக் கிடங்கில் வைக்கிறது. சிறிது நேரத்துக்கு மட்டும் செல்லும் கையெழுத்திட்ட இணைப்பு படகுக்காரருக்குப் போகிறது. வழக்கமான வரிசை, ஒரு செய்தியைக் குறைந்தது ஒரு முறை கொடுப்பதாகத்தான் உறுதி தருகிறது. இரண்டு முறை கொடுத்தாலும் அது பொய் சொன்னதாகாது. மார்ச் 17 குறிப்பில் சொன்ன அடையாள எண் இங்கேயும் வேண்டும் என்பதை, ஒருவருக்கு இரண்டு கணக்குத்தாள் போன பிறகு கற்றுக்கொண்டேன். பல முறை முயன்றும் தேறாத செய்திகள் தனி வரிசைக்கு ஒதுங்கும்படி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று விழுந்தாலும் எனக்குத் தகவல் வரும். அப்படி வைக்காதபோது கெட்டுப்போன செய்தி ஒன்று இரவு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

தராசின் புகைப்படத்தையும் ஏபிஐ வழியே அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். லாம்டாவுக்குள் நேரடியாக வரும் கோரிக்கைக்கு 6 எம்பி வரம்பு. பேஸ்64 முறையில் எழுத்தாக மாற்றினால் படம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். எஸ்3க்குக் கையெழுத்திட்ட ஏற்ற இணைப்பைக் கொடுத்து, கைப்பேசியே நேராக அங்கே ஏற்றட்டும்.

ஆகஸ்ட் 6, 2025

மார்ச் 4 கணக்கில் சிறு திருத்தம். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து, ஃபங்ஷன் எழுந்திருக்கும் நேரத்துக்கும் லாம்டா கட்டணம் எடுக்கிறது. ஜிப் வடிவில் ஏற்றியவற்றுக்கு முன்பு அது இலவசமாக இருந்தது. என் அளவில் ஒன்றும் தெரியவில்லை.

வேறொன்று தெரிந்தது. என் நிரல் ஓடும் மொழிச்சூழலான நோட் 18க்கான ஆதரவு ஏப்ரல் 30 அன்றே முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வந்திருந்தது. மூன்று மாலைகள் போயின. மைத்துனரிடம் இந்தக் குறிப்பைக் காட்டவும்.

செப்டம்பர் 14, 2025

கேள்வி கேட்டவர் தம் ஏபிஐயை ஓடவிட்டிருப்பதாகத் தனிச்செய்தியில் தெரிவித்தார், மகிழ்ச்சி. செயலிக்குள் ஒரு ரகசிய எண்ணைப் பதித்து, அதைத்தான் பாதுகாப்பாக வைத்திருக்கிறாராம். கைப்பேசிக்குப் போன எதுவும் ரகசியமில்லை. செயலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துவிடலாம். ஆளுக்கு ஆள் உள்நுழைவும், சீக்கிரம் காலாவதியாகும் டோக்கனும் வையுங்கள். சங்கத்தில் கணக்குப்பிள்ளைகள் ஆறு பேர் என்கிறீர்கள். பெரிய வேலையாக இராது.

இன்னொன்று: உலாவித் திரையிலேயே நிரலைத் திருத்தி அப்படியே சேமிக்கும் வழக்கம் வேண்டாம். தங்கச்சிமடத்தில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு கைப்பேசியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தப் போய், ஒன்பது கரைகளையும் நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தவன் சொல்கிறேன். முந்தைய நிரல் எங்கும் இல்லை, நினைவிலிருந்து எழுதினேன். இப்போது ஏற்றுவது ஒவ்வொன்றும் எண்ணிட்ட பதிப்பாகிறது, கேட்வே ஒரு புனைபெயரைச் சுட்டுகிறது, தவறினால் புனைபெயரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடுகிறேன்.

நவம்பர் 9, 2025

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. மண்டபத்தில் வடகரையிலிருந்து படகுகளைத் தென்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். காற்று எச்சரிக்கை வந்து டோக்கன் நிற்கும் நாட்களில் சரக்கு குறையும், விலை துள்ளும், எல்லோரும் நிமிடத்துக்கு நான்கு முறை பட்டியலைத் திறந்து பார்ப்பார்கள். சென்ற வாரம் அப்படி ஒரு காலையில் நானே வைத்த வேகக் கட்டுப்பாட்டில் முட்டிக்கொண்டு பலருக்கு 429 (கோரிக்கைகள் அளவுக்கு மேல்) என்ற பிழை போனது. வரம்பை உயர்த்தப் போனவன், சற்று நின்று யோசித்தேன்.

அந்த ஆயிரக்கணக்கான கோரிக்கைகளுக்கும் பதில் ஒன்றே. நானூறு பதிவுகளால் மாறும் ஒரு பட்டியலை ஆறாயிரம் முறை தரவுத்தளத்திலிருந்து புதிதாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல் மாறும்போது மட்டும் அதை ஒரு ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) கோப்பாக எஸ்3யில் எழுதி, முன்னால் ஒரு நிமிடத் தற்காலிகச் சேமிப்போடு, கோப்பின் நகலை வைத்துப் பரிமாறும் கிளவுட்ஃப்ரண்ட் சேவையை நிறுத்தினால் படிக்கும் ஃபங்ஷனே தேவைப்படாது. விலை ஒரு நிமிடம் பழையதாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஏலத்தைக் கூடத்தில் நின்றுதான் எடுக்கிறார்கள்.

ஒரு கவலை இருந்தது. இரண்டு எடைப்பதிவுகள் ஒருசேர வந்து, இரண்டும் கோப்பை எழுதப் போனால் பழைய பட்டியல் புதியதன் மேல் விழுந்துவிடலாம். அதனால் எடை பதியும் ஃபங்ஷன் கோப்பைத் தொடுவதில்லை. தரவுத்தளத்தின் மாற்ற ஓடையிலிருந்து எழும் தனி ஃபங்ஷன் பட்டியலை முழுமையாகப் படித்து எழுதுகிறது. அதன் உடனிகழ்வு வரம்பு 1. ஏப்ரலில் சொன்ன தூக்குப் பாலம் இங்கேதான் பயன்பட்டது.

மார்ச்சில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்று பிரித்ததைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். படிப்பதை இன்று காலை நீக்கிவிட்டேன். தேவிபட்டினத்து நண்பர் தம்முடையதில் விலைப்பட்டியலுக்கு ஃபங்ஷன் எழுதி முடித்திருந்தால் இந்தக் குறிப்பைச் சற்றுக் கோபத்தோடு படிப்பார். எட்டு மாதம் முன்பே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். காக்கா மட்டும் பதினொரு மணிக்கு அழைத்து, விலை எப்போதும்போல் தெரிகிறது, ஆனால் சக்கரம் சுற்றுவதைக் காணோமே, எதுவும் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்.